கையொப்பம் போட்டவர்கள்

போன கட்டுரை வட்டி விகிதம் பற்றி இருந்ததால் பாதிப் பேர் முதல் பத்தியோடு ஓடிவிட்டதாகக் கேள்வி. இந்த முறை புத்தகம். ஆனால் எழுதுகிறவன் பி.காம். மாணவன், அதனால் கணக்கும் கொஞ்சம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தனியாக, எந்தப் பதிப்பகமும் பின்னால் இல்லாமல் புத்தகம் போடுகிற எழுத்தாளர் இன்று என்னவெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது? தானே அட்டை தயாரிக்க வேண்டும். தானே விளம்பரம் செய்ய வேண்டும். தெரிந்தவர்களிடம் எல்லாம் "ரெண்டு வரி மதிப்புரை போடுங்க, ஸ்டார் கொடுங்க" என்று கேட்க வேண்டும். இதைப் பார்த்து 'அந்தக் காலத்தில் எழுத்தாளர்கள் இப்படியா கையேந்தினார்கள்?' என்று பெரியவர்கள் சிலர் வருத்தப்படுகிறார்கள். ஏந்தினார்கள் என்பதுதான் பதில். நம் ஆட்கள் இதற்கு விதிமுறையே எழுதி வைத்திருந்தார்கள்.

எங்கள் வெண்ணந்தூரில் 'நூல்' என்றால் முதலில் ஞாபகம் வருவது தறிக்குப் போகிற நூல்தான். பவணந்தி முனிவருக்கும் அந்த ஞாபகம் இருந்திருக்கிறது போல. 13ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய நன்னூலில், பஞ்சிலிருந்து இழை நூற்பதையே புத்தகம் எழுதுவதற்கு உவமையாகச் சொல்கிறார். அதே பாயிரப் பகுதியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் பாடத் தகுந்தவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் கொடுக்கிறார். ஆசிரியர், கூடப் படித்தவர், மாணவர், தகுதியுள்ள உரைகாரர். நாலே பேர். சிறப்புப்பாயிரம் என்றால் இன்றைய மொழியில் முன் அட்டைக்கும் பின் அட்டைக்கும் வாங்குகிற பாராட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

கவனியுங்கள், நாலு பேருமே வேண்டப்பட்டவர்கள்! முன்பின் தெரியாத நடுநிலையாளர் யாரும் பட்டியலில் இல்லை. தெரிந்தவன்தான் பாராட்ட முடியும் என்று பவணந்தி எடுத்த எடுப்பிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார். ஆனால் பாடுகிறவர் யார், நூலாசிரியருக்கு அவர் என்ன வேண்டும் என்பது ஊருக்கே தெரிந்திருக்கும். குருவின் பாட்டை குருவின் பாட்டாகத்தான் படிப்பார்கள். சரி, எழுதியவரே தன்னைப் புகழலாமா? கூடாது என்கிறார். அடுத்த சூத்திரத்திலேயே நாலு விதிவிலக்கும் கொடுத்துவிடுகிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் திறமை தெரியாதவர்கள் நடுவில், சபையில் வாதாடி ஜெயிக்க வேண்டியபோது, எதிராளி தன்னைப் பழிக்கும்போது. இந்த நாலையும் சேர்த்துப் பார்த்தால் எழுத்தாளனின் முக்கால்வாசி வாழ்க்கை அடங்கிவிடும் :-)

ஓலைக் காலத்தில் பாராட்டு மட்டும் போதும். அச்சு வந்த பிறகு பணமும் வேண்டியிருந்தது. 1835இல் மெட்காஃப் அச்சகச் சட்டத்தைத் தளர்த்தியதும் நம்மவர்கள் தாங்களே அச்சுக்கூடம் வைக்க ஆரம்பித்தார்கள். ஓலையைப் பிரதி எடுக்கிறவருக்கு ஒரு சமயத்தில் ஒரு பிரதியின் செலவுதான். அச்சு அப்படியில்லை. காகிதம், அச்சுக்கூலி, பைண்டிங் எல்லாவற்றுக்கும் முதலிலேயே பணம் போட்டுவிட்டு, பிறகு ஒவ்வொரு பிரதியாக விற்றுக் காசை எடுக்க வேண்டும். எங்கள் பாடத்தில் இதற்கு நடைமுறை மூலதனம் என்று பெயர். புலவர்களிடம் இல்லாத ஒரே மூலதனம் அதுதான்.

ஜமீன்தார்கள், ஆதீனங்கள் கொடுத்தார்கள் என்பது ஒரு வழி. இன்னொரு வழிதான் 'கையொப்பம்'. இப்படி ஒரு புத்தகம் வரப்போகிறது, விலை இவ்வளவு, உங்களுக்கு எத்தனை பிரதி என்று கேட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வது. சிலர் முன்பணம் தருவார்கள், சிலர் புத்தகம் வந்தபின் தருவதாகச் சொல்வார்கள். ஆதரவு தந்தவர்களின் பெயர்களை நூலிலேயே அச்சிடுகிற வழக்கமும் இருந்தது. இங்கிலாந்தில் அதற்கு முன்பே பெருவழக்காக இருந்த முறைதான். இன்றைக்கு 'முன்வெளியீட்டுத் திட்டம்', 'கூட்டு நிதி' என்றெல்லாம் புதுப்பெயர் வைத்து அழைக்கிறோம்.

இந்தக் கையொப்பக் கதையில் உச்சம் உ.வே.சாமிநாதையர். அவர் கதையைத் தொடங்கி வைத்தவர் எங்கள் பக்கத்து ஆள் என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை. சேலம் இராமசுவாமி முதலியார் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்திருந்தார். 1880 அக்டோபர் 21ஆம் தேதி உ.வே.சா. அவரைப் போய்ப் பார்க்கிறார். அப்போது உ.வே.சா. கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது, சம்பளம் 50 ரூபாய். தான் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறார். முதலியார் முகத்தில் சலனமே இல்லை. இதனால் எல்லாம் என்ன பிரயோசனம், சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். பழைய பெருநூல்களை அந்த மகாவித்துவானின் மாணவரே பார்த்திருக்கவில்லை. அந்த ஒரு கேள்வி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் மீதிக் கதை. ('என் சரித்திரம்' இன்னும் வாசிக்காதவர்கள் இந்த அத்தியாயத்தையாவது தேடிப் படியுங்கள். 1940இல் ஆனந்த விகடனில் தொடராக வர ஆரம்பித்தது.)

ஏழு வருஷம் கழித்து, 1887இல் சிந்தாமணி அச்சாகி வந்தது. நடுவில் ஏடு தேடியது, பாடம் ஒப்பிட்டது, ஜைனர் வீடுகளுக்குப் போய்ச் சந்தேகம் தீர்த்துக்கொண்டது எல்லாம் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிட்டது. பாடத்தில் வராதது பணம். விடுமுறைக்கு விடுமுறை சென்னைக்குப் போய் அச்சுக்கூடத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டே, கையொப்பத்துக்கும் ஆட்களைத் தேடி அலைந்திருக்கிறார். 50 ரூபாய் சம்பளத்தில் தொடங்கிய மனிதர் நூற்றுக்கணக்கான பக்கங்கள் உள்ள ஒரு காவியத்தை உரையோடு அச்சிடுவதென்றால் வேறு வழி ஏது? முதலியார் அப்போது சென்னையில் வக்கீலாக இருந்தார். தனக்குத் தெரிந்த பெரிய மனிதர்களிடம் எல்லாம் இவரை அறிமுகம் செய்துவைத்தார். மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பூண்டி அரங்கநாத முதலியார் போன்றவர்களின் ஆதரவும் கிடைத்தது.

இங்கே எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. சேலம் இராமசுவாமி முதலியார் அந்தப் புத்தகத்துக்கு வாசகர், விமர்சகர், ஏஜெண்ட், உத்தரவாதம் எல்லாமாக இருந்தார். இன்றைய விதிகளின்படி பார்த்தால் அவர் சொல்கிற பாராட்டு செல்லாது, அவருக்கு 'ஆர்வ முரண்' இருக்கிறது. ஆனால் அவர் இல்லையென்றால் அந்தப் பதிப்பே இல்லை. அவருக்கு அந்த நூலில் என்ன அக்கறை என்பது எவருக்கும் மறைவாகவும் இல்லை.

கையொப்பத்தில் உள்ள இன்னொரு சமாச்சாரம், அது வெறும் பாராட்டு இல்லை. பேரைப் போட்டவன் காசு கொடுக்கக் கடமைப்பட்டவன். போட்டுவிட்டு இழுத்தடித்தவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டுதான். வாராக்கடன் இல்லாத வியாபாரம் எது? ஆனால் 'அருமையான புத்தகம்' என்று வாயால் சொல்வதற்கும் தாளில் பேரெழுதி அத்தனை ரூபாய்க்குப் பொறுப்பேற்பதற்கும் உள்ள தூரம் பெரிது. முதலீட்டு அபாயத்தில் ஒரு துண்டை வாசகன் தன் தோளில் எடுத்துப் போட்டுக்கொள்கிறான். புத்தகம் நன்றாக வருமா என்பதே தெரியாத நிலையில்!

எல்லாருக்கும் இப்படி ஒரு முதலியார் வாய்க்கவில்லை. அபிதான சிந்தாமணி தொகுத்த ஆ.சிங்காரவேலு முதலியார் வருஷக்கணக்காக எழுதி முடித்துவிட்டு, அச்சிட உதவி கேட்டுப் பலரிடம் போய்ப் பார்த்தார். கடைசியில் பாண்டித்துரைத் தேவர் கைகொடுத்து, மதுரைத் தமிழ்ச்சங்கம் வழியாக 1910இல்தான் அது வெளிவந்தது.

பாராட்டுக்கு வருவோம் என்றால் அதன் மறுபக்கத்துக்கும் வர வேண்டும். சிந்தாமணி வெளிவந்த பிறகு உ.வே.சா.வின் பதிப்பில் பிழை இருக்கிறது என்று சொல்லிக் கண்டனங்கள் அச்சாகிப் பரவின. அந்தக் காலத்தில் ஒரு ஸ்டார் கொடுக்க வேண்டுமென்றால் துண்டுப் பிரசுரம்தான் போட வேண்டும், காசு செலவாகும், அப்படியும் போட்டார்கள். (இருபது வருஷம் முன்பு அருட்பா, மருட்பா சண்டை நடந்ததும் இதே துண்டுப் பிரசுரங்களால்தான்.) உ.வே.சா. நொந்துபோய் மறுப்பு ஒன்று எழுதி, அதைக் கும்பகோணம் கல்லூரியில் தம்மோடு இருந்த சாது சேஷையரிடம் கொண்டுபோனார். சேஷையர் அதை வெளியிட விடவில்லை. ஒன்றுக்குப் பதில் சொன்னால் அவர்கள் மேலும் எழுதுவார்கள், இதற்கு முடிவே இருக்காது, அந்த நேரத்தில் வேறு நூலைப் பாருங்கள் என்பது அவர் யோசனை. தன்னைப் பழித்தால் தற்புகழ்ச்சி தப்பில்லை என்று நன்னூல் அனுமதி கொடுத்திருந்தும் உ.வே.சா. அதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. 1889இல் பத்துப்பாட்டு வந்தது, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. சேஷையருக்கு ஒரு சிலை வைக்கலாம்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் அமெரிக்காவில் ஒருவர். வால்ட் விட்மன் 1855இல் தன் கவிதைத் தொகுப்பைத் தானே வெளியிட்டார். பிறகு பேர் போடாமல் தன் புத்தகத்துக்குத் தானே மதிப்புரைகளும் எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். எமர்சன் பாராட்டித் தனிப்பட்ட முறையில் எழுதிய கடிதத்தை அவர் அனுமதி இல்லாமலே பத்திரிகையில் வரவிட்டார், மறு வருஷப் பதிப்பின் முதுகிலும் அதிலிருந்து ஒரு வரியைப் பொறித்துவிட்டார். அமெரிக்காவின் மகாகவி என்று இன்று கொண்டாடப்படுகிறவர்! புத்தகம் நல்ல புத்தகமாக இருந்ததால் தப்பித்தார். இல்லையென்றால் வெறும் கள்ளக் கணக்குதான்.

நம் மகாகவியின் கதை அதைவிட வருத்தமானது. பாரதி 1920இல் கடையத்தில் இருந்தபோது நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். புதுச்சேரி வாசத்தில் எழுதிக் குவித்ததை எல்லாம் 40 புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடுவது திட்டம். மொத்தம் 4 லட்சம் பிரதிகள். முதல் செலவுக்கு 20,000 ரூபாய் வேண்டும். ஆளுக்கு 100 ரூபாயாவது கடனாக அனுப்புங்கள், புரோநோட் எழுதித் தருகிறேன், மாதம் 2 சதவீதம் வட்டி தருகிறேன் என்றார். தன் புத்தகங்கள் மண்ணெண்ணெய், தீப்பெட்டி போல வீட்டுக்கு வீடு விற்கும் என்று அவர் நம்பினார்.

வணிகவியல் மாணவனாக இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மாதம் 2 என்றால் வருஷத்துக்கு 24 சதவீதம். 20,000 ரூபாய்க்கு மாத வட்டி மட்டும் 400. ஒரு புத்தகமும் விற்பதற்கு முன்பே அந்த மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும். உ.வே.சா. கேட்டது கையொப்பம், பாரதி கேட்டது கடன். கையொப்பம் போட்டவனுக்குப் புத்தகம் கொடுத்தால் கணக்கு முடிந்தது. கடன் கொடுத்தவனுக்குப் புத்தகம் விற்றாலும் விற்காவிட்டாலும் பணம் கொடுத்தாக வேண்டும். இரண்டிலும் எழுத்தாளர் கையில் முன்னதாகப் பணம் வருகிறது, ஆனால் அபாயம் யார் தலையில் விழுகிறது என்பது தலைகீழ். 1908 வாக்கில் கிருஷ்ணசாமி ஐயர் பாரதியின் தேசபக்திப் பாடல்களை 15,000 பிரதி அச்சிட்டு இலவசமாக வினியோகம் செய்தது உண்மை. பாட்டு நிச்சயம் பரவும் என்ற பாரதியின் நம்பிக்கை அதில் வேர் பிடித்திருக்கலாம். ஆனால் இலவசமாக வாங்கியவனும் காசு கொடுத்து வாங்குகிறவனும் வேறு வேறு ஆட்கள் என்பதை எந்தக் கடைக்காரரும் சொல்வார். திட்டம் நடக்கவில்லை. 1921 செப்டம்பரில் பாரதி போய்விட்டார். 1949இல் அரசே அவர் எழுத்துகளின் உரிமையை வாங்கி, பிற்பாடு பொதுவாக்கியது. அதன் பிறகு வந்த மலிவுப் பதிப்புகளைக் கூட்டினால் 4 லட்சம் என்பது சின்ன எண்ணாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அவர் போட்ட விற்பனைக் கணக்கு தப்பில்லை, காலம்தான் தப்பு.

இதற்கிடையில் பத்திரிகைகளில் மதிப்புரைப் பகுதி நிலைபெற்றுவிட்டது. மதிப்புரைக்கு இரண்டு பிரதி அனுப்ப வேண்டும், ஒன்று போதாது. தபால் செலவோடு இரண்டு பிரதி அனுப்பிவிட்டு, 'வரப்பெற்றோம்' என்று ஒரு வரியில் பேர் வந்தால் போதும் என்று காத்திருந்தவர்கள் எத்தனை ஆயிரமோ!

அந்தக் காத்திருப்பில் நம்பிக்கை இழந்து தானே எல்லாவற்றையும் செய்தவர் சி.சு.செல்லப்பா. 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையை விமர்சனத்துக்காகவே ஆரம்பித்தார், 1970 வரை நடத்தினார். கூடவே எழுத்து பிரசுரம். ந.பிச்சமூர்த்தி முதலானவர்களின் புதுக்கவிதையைத் தன் பத்திரிகையில் போட்டு, தானே அதைப் பற்றி எழுதி, தானே புத்தகமாக்கி, அந்தப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அவர் தன் நண்பர்களைத் தூக்கிவிடுகிறார் என்று அன்று குறை சொன்னவர்கள் இருக்கலாம். தூக்கித்தான் விட்டார், நிஜமாகவே தோளில்! ஆனால் கட்டுரைக்குக் கீழே சி.சு.செல்லப்பா என்று பேர் இருக்கும், வாசலில் புத்தகத்தோடு நிற்பதும் அதே ஆள். கேள்வி கேட்க வேண்டுமென்றால் நேரிலேயே கேட்கலாம். 'சுதந்திர தாகம்' என்ற மூன்று பாக நாவலையும் தள்ளாத வயதில் தானே வெளியிட்டார். 1998 டிசம்பரில் அவர் இறந்தார், 2001இல் அந்த நாவலுக்குச் சாகித்ய அகாதமி பரிசு கொடுத்தார்கள்.

இப்போது இயந்திரக் காலம். கிண்டில் சுயபதிப்பு வசதி 2007இல் வந்தது, தமிழுக்கு அதிகாரபூர்வமாகக் கதவு திறந்தது 2016 டிசம்பரில். அச்சுச் செலவு, காகிதச் செலவு பூஜ்யம்! உ.வே.சா.வையும் பாரதியையும் வாட்டிய மூலதனப் பிரச்சினை ஒரே நாளில் காணாமல் போனது. அதன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது கவனம். எல்லாராலும் வெளியிட முடிகிறது, அதனால் யார் கண்ணிலும் படாமல் போவதும் எளிதாகிவிட்டது. 2007இல் தொடங்கி 2013இல் அமேசான் வாங்கிக்கொண்ட குட்ரீட்ஸ், பெங்களூரிலிருந்து 2014இல் வந்த பிரதிலிபி எல்லாம் நட்சத்திரக் கணக்கில் ஓடுகிற இடங்கள். குட்ரீட்ஸில் இலவசப் பிரதி குலுக்கல் நடத்துவதற்கு 2018இலிருந்து எழுத்தாளரிடமே 119 டாலர், 599 டாலர் என்று கட்டணம் வைத்தார்கள். இரண்டு பிரதி அனுப்பிய காலமே மேல்.

காசு செலவாகாத வழி ஒன்று உண்டு. நீ எனக்கு எழுது, நான் உனக்கு எழுதுகிறேன். இது நம் ஊருக்குப் புரியாத விஷயமில்லை. மொய்! ஆனால் மொய்யில் ஒரு நாகரிகம் இருக்கிறது. நோட்டில் பேர், ஊர், தொகை எல்லாம் எழுதி வைப்பார்கள், எவனும் அதை நன்கொடை என்று நடிப்பதில்லை. மதிப்புரை மொய்யில் அந்த நோட்டுதான் இல்லை. 2004 பிப்ரவரியில் கனடா அமேசான் தளத்தில் ஒரு கோளாறு ஏற்பட்டு, புனைபெயரில் மதிப்புரை எழுதியவர்களின் உண்மைப் பெயர் கொஞ்ச நாள் வெளியே தெரிந்தது. தங்கள் புத்தகத்துக்குத் தாங்களே ஐந்து நட்சத்திரம் போட்ட எழுத்தாளர்கள் அகப்பட்டார்கள். விட்மன் இருந்திருந்தால் தோளில் தட்டிக் கொடுத்திருப்பார்.

எங்கள் மாவட்டத்துத் திருச்செங்கோட்டில் நடந்ததையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்த நாவல். 2014 டிசம்பரில் அதிலிருந்து சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஊரெல்லாம் வினியோகம் செய்தார்கள். 2015 ஜனவரியில் அவர் எழுத்தையே விட்டுவிடுவதாக அறிவிக்கும்படி ஆனது. 2016 ஜூலையில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் திரும்பினார். நகலை வாங்கியவர்களில் புத்தகத்தை முழுதாகப் படித்தவர் எத்தனை பேர்? காசு கொடுத்து வாங்கியவர்? சாமிநாதையரைக் கண்டித்தவர்களாவது சிந்தாமணியைப் புரட்டிப் பார்த்துத்தான் பிழை தேடினார்கள்.

அமேசான் விதிப்படி குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் மதிப்புரை எழுதக் கூடாது. பவணந்தி யாரை மட்டும் எழுதச் சொன்னாரோ, ஏறக்குறைய அவர்களையே வெளியே நிறுத்துகிற விதி. 2016 அக்டோபரில் இலவசப் பொருள் வாங்கிக்கொண்டு எழுதும் மதிப்புரைகளையும் தடை செய்தார்கள், புத்தகத்துக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். முன்பிரதி கொடுத்து மதிப்புரை கேட்பது பழைய வழக்கம் என்பது காரணம். எனக்கு என்னவோ பவணந்தி பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் படுகிறது. முதல் புத்தகம் போடுகிற ஒருவரை, அவரைத் தெரிந்தவர்களைத் தவிர வேறு யார் படிக்கப் போகிறார்கள்? எழுதட்டும், 'நான் இவருடைய சித்தப்பா பையன்' என்று முதல் வரியில் சொல்லிவிட்டு எழுதட்டும். கண்ணை மூடிக்கொண்டு நட்பைத் தடை செய்தால் நட்பு போய்விடாது, வேறு பேரில் வரும்.

நம் அரசும் 2022 நவம்பரில் இணைய மதிப்புரைகளுக்கு என்று ஒரு தரநிர்ணயம் கொண்டுவந்தது. ஐஎஸ் 19000:2022 என்று பேர். எழுதுகிறவர் நிஜமான ஆள்தானா என்று சரிபார்க்க வேண்டும், காசு கொடுத்து வாங்கிய மதிப்புரையைப் போடக் கூடாது என்றெல்லாம் சொல்கிறது. வந்தபோது அது கட்டாயமாக்கப்படவில்லை, விரும்பியவர்கள் பின்பற்றலாம். புத்தகத்துக்கென்று அதில் தனியாக ஒன்றும் வைக்கவில்லை. மிக்சிக்கும் ஹோட்டல் அறைக்கும் என்ன விதியோ, கவிதைத் தொகுப்புக்கும் அதேதான்.